குட்டைக்குள் கிடந்த நட்டு

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கும் இருந்தது. பழைய வண்டிகளைப் பிரித்துப் போடும் அந்தக் கொட்டகையில் அதை யார் கேட்டார்கள்? எல்லோருக்கும் அவள் கழட்டியக்கா. எப்பேர்ப்பட்ட துருப்பிடித்த நட்டும் அவள் கைக்கு வந்தால் கழன்றே தீர வேண்டும். வாயும் சும்மா இருக்காது. நட்டுக்கு மட்டும் காது இருந்தால், அவள் திட்டுக்கே பாதி கழன்றிருக்கும்.

அவள் புருஷன் நேர் எதிர். வீட்டில் அவன் முடுக்காத சாமான் கிடையாது. குழாய், ஜன்னல் திருகு, கட்டில் கால், சர்க்கரை டப்பா மூடி. ஒரு வாய் காப்பிக்கு அந்த டப்பாவோடு மல்லுக்கட்ட வேண்டும். "அவன் முடுக்குறான், அவ கழட்டுறா, ஜோடிப் பொருத்தம் பிரமாதம்" என்று தெருவே சிரிக்கும். அவளும் சேர்ந்து சிரித்து வைப்பாள்.

அவன் ஒரு காலத்தில் நல்ல மெக்கானிக். ஒருநாள் காலையில் அண்ணனுடைய லாரிக்கு அடியில் படுத்து ஸ்டீயரிங் கம்பியின் நட்டை முடுக்கிக்கொண்டிருந்தான். ஓயாமல் பேசுகிற அண்ணன் அன்று வாயே திறக்காமல் வந்து நின்றார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, "நீ வச்சுக்கடா" என்று நீட்டினார். இவன் வேலையைப் பாதியில் விட்டு வெளியே வந்து வாங்கிக்கொண்டான். கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்பிப் போனது. வளைவில் திரும்பாமல் நேரே போய்க் கல்லுடைத்த பள்ளத்துத் தண்ணீரில் விழுந்தது. அண்ணனைத்தான் எடுக்க முடிந்தது. லாரி அடியிலேயே தங்கிவிட்டது.

ஸ்டீயரிங் நட்டை முடுக்காமல் விட்டிருப்பான் என்று எவனோ சொன்னான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கொடுமை என்னவென்றால், அவனுக்கே நினைவில்லை. திரும்பப் போய் முடுக்கினேனா, இல்லையா? அன்று கீழே வைத்த ஸ்பேனரை அவன் மறுபடி தொடவில்லை.

அண்ணி இருந்தது ஒரு சுவர் தள்ளி. விடிந்ததும் குழாயடியில் ஆரம்பிப்பாள்: "கை விளங்காதவனே, என் புருஷன தின்னுட்டியே!" அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். "நீ என்ன நினைக்கிற?" என்று ஒருமுறை பெண்டாட்டியைக் கேட்டான். எதற்கும் பதில் வைத்திருப்பவள் அன்று அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள். அந்தக் கேள்வி அதற்குப் பிறகு வீட்டை விட்டுப் போகவே இல்லை. சாப்பிடும்போதும் கூடவே உட்கார்ந்திருந்தது.

பல வருஷம் கழித்து அந்தப் பள்ளத்துத் தண்ணீரை இறைத்தார்கள். உள்ளே கிடந்த லாரி கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. ஸ்டீயரிங் பக்கத்தில் அண்ணன் ஆசையாக மாட்டியிருந்த சைக்கிள் மணியைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதை அழுத்தினாள். மணி அசையவில்லை. ஆனாலும் அது அடித்தது போலிருந்தது. அவள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"காஸ் கட்டர் வச்சு அறுத்துடுக்கா, நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றார் முதலாளி.

"ஐயோ, தீயே காட்டாதீங்க! எனக்கு வேணுங்கிறது கருகிப் போயிடும். இத நான் கையாலதான் எடுப்பேன்."

துரு பிடித்தால் தளர்ந்த நட்டும் இறுகிய நட்டுப் போலவே அடம் பிடிக்கும். உண்மை நட்டுக்கு அடியிலிருக்கும் வாஷர் என்ற வட்டத் தகட்டுக்குத்தான் தெரியும். முடுக்கியிருந்தால் அதன் அடிப்பக்கத்தில் தண்ணீர் புகுந்திருக்காது. தளர்ந்திருந்தால் அங்கேயும் துரு தின்றிருக்கும்.

முதலில் கம்பி பிரஷ்ஷால் ஸ்டீயரிங் நட்டின் திருகு மரையைச் சுத்தம் செய்தாள். மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விட்டாள். அது ஊறும் வரை மற்றதையெல்லாம் பிரித்துப் பார்த்தாள். பிறகு நட்டின் பக்கங்களில் சுத்தியலால் மெல்லத் தட்டினாள்; ஓங்கி அடித்தால் மரை நசுங்கும். வாய் பிளந்த ஸ்பேனர் மூலையை மழுக்கிவிடும் என்று ரிங் ஸ்பேனரையே மாட்டி, அதில் நீளக் குழாயைச் சொருகினாள். கழற்றுகிற பக்கம் இழுக்காமல், முதலில் முடுக்குகிற பக்கம் ஒரு துளி அழுத்தினாள். துருவின் பிடி விடுவது அப்படித்தான். பிறகு வெடுக்கென்று இழுக்காமல் ஒரே சீராக இழுத்தாள்.

நட்டு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. "அடம் பிடிடா ராசா, நல்லா பிடி" என்று கொஞ்சினாள். மறுபடி எண்ணெய், மறுபடி தட்டு. சாயங்காலம் 'கிரீச்' என்று ஒரு சத்தம் போட்டு அது அசைந்து கொடுத்தது. வாஷரைத் திருப்பினாள். அடிப்பக்கம் புதுசு போலப் பளபளவென்றிருந்தது.

செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினாள். "ஏங்க, பாருங்க! நீங்க முடுக்கித்தான் இருக்கீங்க! உங்க மேல தப்பே இல்லீங்க!"

அவன் வாஷரை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தான்.

"பிரேக் பார்த்தியா?"

"பார்த்தேன். எல்லாம் அப்படியே இருக்கு."

"டயர்?"

"ஒண்ணும் வெடிக்கல."

"கியர் எதுல இருந்துச்சு?"

"டாப்புல" என்றாள். சொன்ன பிறகுதான் புரிந்தது. வளைவைக் கண்டு வேகத்தைக் குறைக்கிறவன் டாப் கியரிலா போவான்? பாவி, வண்டி பிரிக்கிறவளாகவே பதில் சொல்லித் தொலைத்தேனே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவன் பெட்டியிலிருந்து அண்ணனின் கடிகாரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்து வீட்டில் அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

"அண்ணிகிட்ட இத சொல்லிடாதே" என்றான்.

"என்னங்க பேச்சு இது? இத்தனை வருஷம் பட்டது போதாதா?"

"அவரா சாவத் தேடிப் போனாருன்னு தெரிஞ்சா அவங்க தாங்க மாட்டாங்க. என்னையே திட்டிட்டு இருக்கட்டும்."

மறுநாள் விடிந்ததும் குழாயடியில் குரல் எழுந்தது: "கை விளங்காதவனே!" கழட்டியக்கா கதவுவரை போய்விட்டாள். உள்ளங்கையில் வாஷர் இருந்தது, நாக்கு நுனியில் பதில் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்து, சர்க்கரை டப்பாவின் மூடியை முடுக்கிக்கொண்டிருந்தான். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.