இரண்டு கட்டுப் பற்பாடகம்

முந்தல் சித்தி மரியம் யார் என்று கேட்டால், கரைத்தீவுப் பரிசாரி மீராசாஹிபின் மூத்த மகள் என்றுதான் சொல்ல வேண்டும். அவளும் அப்படித்தான் சொல்லுவாள். கலியாணம் முடித்து முந்தலுக்குப் போய், பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். ஆனாலும் பஸ்ஸில் தெரியாத மனிசி யாராவது பக்கத்தில் இருந்தால், முதற்கதையே "எங்கட வாப்பா பரிசாரி" என்பதுதான்.

அவள் கலியாணம் முடிக்காத குமராக இருந்தது மலேரியா இந்தக் கரை ஆட்களைப் போட்டு உலுக்கிய காலம். நாட்டு வைத்தியம் பார்த்த மீராசாஹிப் குளிர்காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுத்தார். ஆஸ்பத்திரிக் குளிசையையும் விழுங்கச் சொல்லித்தான் கொடுப்பார். எது கேட்டது என்று அவரும் பார்க்கவில்லை, குடித்தவர்களும் பார்க்கவில்லை. கஷாயத்தில் முக்கியமான சாமான் பற்பாடகம். மணலில் நூல் மாதிரி மெல்லிய தண்டோடு வரும் செடி. கிணற்றடியில் அதற்கென்று ஒரு பாத்தி கட்டியிருந்தார். அந்தப் பாத்தியில் அதே இலையோடு, அதே உயரத்தில் ஒரு களையும் கூடவே முளைக்கும். தண்டைக் கிள்ளினால் களைக்கு உள்ளே இலேசான சிவப்பு. வேறு வித்தியாசம் கிடையாது. அதைப் பார்த்துப் பிடுங்குவது சித்தி மரியத்தின் வேலை.

"என்ட மகள்ட கண்ணுக்குத் தப்பி ஒரு களை வராது" என்று வாப்பா வந்திருப்பவர்களுக்கு முன்னால் சொல்லுவார். அந்தச் சொல்லைத் தின்றுதான் அவள் வளர்ந்தாள்.

அவள் முந்தலுக்குப் போன பிறகு, தம்பி ரஸாக் அலீமாவை முடித்தான். அலீமாவின் குடும்பம் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து, கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் இருந்த குடும்பம். அவளை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால், சிரிக்கிற சிரிப்பு சரியில்லை என்பாள் சித்தி மரியம். நடந்தது வேறு. கலியாண வீட்டில் மீராசாஹிப் "மகள்" என்று கூப்பிட, வாசலில் நின்ற இவள் "ஓ வாப்பா" என்று திரும்பினாள். அவர் கூப்பிட்டது மருமகளை.

அதற்குப் பிறகு ஒருமுறை வந்தபோது, களை எடுக்க ஆளில்லாமல் கிடந்த பாத்தியில் அலீமா குந்தியிருந்து மூலிகை பிடுங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பன்புல் பெட்டியை எட்டிப் பார்த்தால், முறிந்த தண்டு முனை எல்லாம் சிவப்பு. அத்தனையும் களை. சித்தி மரியம் வாயைத் திறந்தாள்; திரும்ப மூடிக்கொண்டாள். வாப்பாவே கண்டுபிடிக்கட்டும், மருமகளின் கெட்டித்தனம் அவருக்கே தெரியட்டும் என்று இருந்துவிட்டாள். வாப்பாவுக்கு அப்போதே கண்ணில் பூ விழத் தொடங்கியிருந்தது என்பதை அவள் நினைக்கவில்லை.

அடுத்த பெருநாளுக்கு வந்தபோது வாப்பா அவளைப் பக்கத்தில் இருத்தி, மெதுவாகச் சொன்னார்:

"அலீமா வந்த பொறகு என்ட கஷாயத்துக்குக் கைராசி கூடியிருக்கு புள்ள. குடிச்சவன் ரெண்டாந்தரம் வாறானில்ல."

அதை அவர் மருமகளிடம் சொல்லவில்லை. சித்தி மரியமும் சொல்லவில்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினாள். சில வருசத்தில் வாப்பா கண்ணை மூடி மௌத்தானார். பிறகு, நாட்டில் மலேரியாவே இல்லை என்று அரசாங்கமும் அறிவித்தது. ஆனால் அந்தக் கைராசிக் கதை அவள் நெஞ்சில் மீன்முள் மாதிரிக் குத்திக்கொண்டே கிடந்தது.

போன வருசம் பல்கலைக்கழகத்திலிருந்து நிசாந்தி என்ற மிஸ் ஒருத்தி வந்தாள். பழைய பரிசாரிமார் காய்ச்சலுக்குக் கொடுத்த செடிகளை மலேரியாக் கிருமியில் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி. இங்கே காய்ச்சல் இல்லாவிட்டாலும் வெளிநாட்டில் இருந்து வருகிறவர்களோடு திரும்ப வரலாம், சில நாடுகளில் பழைய குளிசை கேட்பதுமில்லை என்றாளாம். பரிசாரி வீடு எது என்று விசாரித்தால் ஊரார் எந்த வீட்டைக் காட்டுவார்கள்? அலீமா பாத்தியில் நிற்கும் ஃபோட்டோ, "மீராசாஹிப் பரிசாரியின் மருந்தைக் காப்பாற்றும் மருமகள்" என்ற எழுத்தோடு, ஃபோன் ஃபோனாகக் கைமாறி முந்தலுக்கும் வந்து சேர்ந்தது.

மறுநாள் காலையில் சித்தி மரியம் தன் வளவில் வளர்ந்த பற்பாடகத்தில் ஒரு கட்டுக் கட்டிக்கொண்டு கரைத்தீவில் இறங்கினாள்.

"என்ன மச்சி, திடீரெண்டு?" என்றாள் அலீமா.

"வாப்பாட ஊட்டுக்கு வர நாள் பாக்கணுமா?"

"அதுக்கில்ல மச்சி. சொல்லியிருந்தா றால் வாங்கி வெச்சிருப்பன்."

"றால் வேணாம். படம் புடிக்கிற ஆள் இன்னம் இரிக்காவா எண்டு பாக்க வந்தன்."

நிசாந்தி இன்னும் போகவில்லை. அலீமா பிடுங்கி வைத்திருந்த கட்டையும் இவளுடைய கட்டையும் வாங்கி, தனித்தனியாகப் பெயர் எழுதி வைத்தாள். அலீமாவின் மூலிகைக் கட்டிலிருந்து விழுந்த ஒரு தண்டைச் சித்தி மரியம் எடுத்துக் கிள்ளிப் பார்த்தாள். சிவப்பு. இத்தனை வருசம் கழித்தும் அதே களை. முந்தானைக்குள் சிரிப்பை மறைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். இனி அவள் ஒன்றும் சொல்லத் தேவையில்லை, ஆராய்ச்சிக்கூடமே சொல்லும். அந்த மாதங்கள் முழுக்க அவளுக்கு நல்ல நித்திரை.

முடிவு வந்த அன்று நிசாந்தி இரண்டு பேரையும் மீராசாஹிப் வீட்டு விறாந்தையில் கூட்டி வைத்தாள். ரஸாக்கும் வந்து நின்றான்.

"ரெண்டு பேரும் பற்பாடகம் எண்டுதான் தந்தனீங்கள். ஆனா இது ரெண்டும் வேற வேற செடி."

சித்தி மரியம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அலீமாக்கா தந்த செடிச் சாறு விட்டதில கிருமி நல்லாக் குறைஞ்சிருக்கு. உங்கட செடியில ஒண்டும் காணேல்ல அம்மா. இது கண்ணாடித் தட்டில பாத்தது மட்டும்தான். மனுசருக்கு மருந்தெண்டு சொல்ல இன்னும் எவ்வளவோ கிடக்கு. இப்ப எனக்குத் தெரிய வேண்டியது ஒண்டு. பரிசாரியார் பாவிச்சது எது?"

எல்லாரும் சித்தி மரியத்தைத்தான் பார்த்தார்கள். மகள் அல்லவா. அலீமாவின் செடி என்று சொன்னால் வாப்பாவின் பெயர் நிற்கும்; ஆனால் வாப்பா மெச்சிய தன் கண் குருட்டுக் கண்ணாகிவிடும், மருந்து மருமகளின் கைக்குப் போய்விடும். தன் செடி என்று சொன்னால் மருந்து தன் கையில் நிற்கும்; ஆனால் அது வெறும் கசப்புத் தண்ணீர் என்றாகிவிடும். யோசித்துக்கொண்டிருக்கக்கூட அவளால் முடியவில்லை. அலீமாவின் முகத்தில் வந்த சிரிப்பு அவளை இருக்க விடவில்லை.

"வாப்பாட மருந்து நான் தந்ததுதான். அவள் புடுங்கினது களை. சின்ன வயசுல நான் பாத்தியால புடுங்கி எறிஞ்ச களை."

அலீமாவின் முகம் செத்துப்போனது.

"எவ்வளவு காலம் அக்கா பரிசாரியாருக்கு நீங்கள் பிடுங்கிக் குடுத்தனீங்கள்?" என்று நிசாந்தி கேட்டாள்.

"முடிச்சு வந்த நாள்ல இருந்து, மிஸ். மாமா மௌத்தாகும் மட்டும்."

"அப்ப அந்தக் காலத்தில வந்த ஆக்கள் குடிச்சது இதைத்தான்" என்றாள் நிசாந்தி. குரலில் ஒரு சந்தோசம். "ஒருத்தரும் மருந்தெண்டு நினைக்காத செடி. இது உங்களாலதான் கிடைச்சது அக்கா."

அப்போதுதான் சித்தி மரியத்துக்கு நெஞ்சுக்குள் கிடந்த முள் அசைந்தது. குடிச்சவன் ரெண்டாந்தரம் வாறானில்ல.

பிறகு அந்தச் செடி இன்னும் வேண்டுமென்றார்கள். எது எது என்று பிரித்தறிய அலீமாவுக்குத் தெரியாது. சித்தி மரியம்தான் கிணற்றடியில் குந்தி, ஒவ்வொரு தண்டாகக் கிள்ளிப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தாள். இந்த முறை சிவப்பைக் கண்டால் எறியாமல் கட்டோடு சேர்த்தாள். கட்டைப் பிடித்துக்கொண்டு ஃபோட்டோவுக்கு நின்றவள் அலீமா. "நீங்களும் வாங்கோ அம்மா" என்று நிசாந்தி கூப்பிட, "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகுது" என்று சித்தி மரியம் கைமண்ணைத் தட்டினாள்.

அலீமா படலை வரைக்கும் பின்னால் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"மச்சி, களையெண்டு தெரியாம இத்தன காலம் மாமாக்குக் குடுத்திருக்கன். அவரு எப்பயாவது என்னப் பத்திக் குறை சொன்னாரா?"

பஸ் தூரத்தில் வருவது தெரிந்தது. சித்தி மரியம் முந்தானையைத் தலையில் சரிசெய்தாள்.

"இல்ல. குறை ஒண்டும் சொல்லல்ல."

அது பொய்யில்லை. வாப்பா சொன்னதைத்தான் அவள் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவுமில்லை.