மரியம்மச் சேச்சி கொண்டுவந்த பெசகா அப்பம்

மரியம்மச் சேச்சி போய்விட்டார்கள். நேற்று சாயங்காலம். குருத்தோலை ஞாயிறு கழிந்து இரண்டாம் நாள்.

சேச்சியின் மகன் போன் பண்ணினான். "ஆன்ட்டீ, அம்மச்சி போயி" என்றான்.

இங்கே பலருக்கு அவர்களைத் தெரியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில், கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து நான் திருவனந்தபுரம் வந்தபோது, தம்பானூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் லைன் வீட்டுக்கு அடுத்த வீடு. கோட்டயம் பக்கத்து சிரியன் கிறிஸ்தவக் குடும்பம். என்னைவிட ஏழு வயது மூப்பு.

தவக்காலத்தில் நாங்கள் நாற்பது நாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்போம்; வெள்ளிக்கிழமைகளில் மீனும் தொட மாட்டோம். அவர்களுக்கு அம்பது நோன்பு. மீன், இறைச்சி, முட்டை, பசும்பால்... எதுவும் கிடையாது.

"நாப்பதே நாளா? தமிழ்க்காருக்கு ஆண்டவர் டிஸ்கவுண்ட் தந்திருக்காரு, இல்லே?" என்று சிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை என் வீட்டுக்காரர் ஞாபகமில்லாமல் கருவாடு சுட்டுவிட்டார். மதிலுக்கு மேலே சேச்சியின் தலை. "எடீ தங்கம்! உன் வீட்டு நோம்பு நல்லா மணக்குதே!" வெட்கத்தில் அவர் அன்று முழுப் பட்டினி.

அடுத்த வருஷம் தவக்காலத்தில்தான் எனக்கு முதல் பிரசவம்.

குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளையாம். எனக்குக் காட்டவில்லை.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. துணியில் சுற்றி எங்கேயோ கொண்டுபோனார்கள். எங்கே என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பேரு வைக்காத பிள்ளைக்கு என்னட்டி துக்கம்? கண்ணைத் தொடச்சுக்க. அடுத்தது பொறக்கும்" என்றார்கள் மாமியார். கெட்ட மனுஷி அல்ல... அவர்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தது.

வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நானும் அழவில்லை. நிஜமாகவே ஒரு பிள்ளை பிறந்ததா என்று எனக்கே சந்தேகம் வரத் தொடங்கியது.

பெரிய வியாழன், விளக்கு வைக்கிற நேரம். சேச்சி வாசலில் நின்றார்கள். மூடிய தட்டில் பெசகா அப்பம்; இயேசுவின் கடைசி இராவுணவின் நினைவாக அன்று ராத்திரி அவர்கள் வீடுகளில் முறித்துப் பங்கிடுகிற புளிக்காத அரிசி அப்பம். கிண்ணத்தில் வெல்லம் சேர்த்துக் காய்ச்சிய தேங்காய்ப்பால்.

மரச்சீனிக் கிழங்கைத் தின்று பசியாறிய ரேஷன் காலம் அது. அந்த அரிசிக்காக அவர்கள் வீட்டில் எத்தனை வேளைச் சோறு குறைந்திருக்கும் என்று, ஒவ்வொரு நாழி அரிசியையும் எழுதிவைக்கிற எனக்குத் தெரியும்.

"இது எதுக்கு?" என்றார்கள் மாமியார்.

"மரணம் நடந்த வீட்டுல அந்த வருஷம் பெசகா அப்பம் சுட மாட்டோம் அம்மச்சீ. அக்கம்பக்கத்துக்காரங்க கொண்டுவந்து கொடுக்கணும். அது எங்க முறை."

"இங்க யாரு செத்தா?"

சேச்சி என்னைப் பார்த்தார்கள். "தங்கத்தோட குஞ்ஞு."

அப்பத்தை வீட்டுக்குப் பெரியவர்தான் முறிக்க வேண்டும். சேச்சி தட்டை நேராக என் மடியில் வைத்தார்கள். "நீ முறி, மோளே."

முறித்தேன். அப்புறம்தான் அழுகை வந்தது... மாமியார் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள்.

சேச்சியைக் கடைசியாகப் பார்த்தது போன கிறிஸ்துமஸுக்கு. பெற்ற மகனையே "இது யாரு?" என்று கேட்கிற நிலை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்குப் பிள்ளைங்க எத்தனை?" என்றார்கள்.

"மூணு, சேச்சி."

இல்லை என்று தலையை ஆட்டினார்கள். என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கினார்கள். "நாலு."

அடக்கம் நாளைக் காலை. என் கால் சொன்னபடி கேட்பதில்லை... ஆனாலும் போவேன்.

போய் வாங்க சேச்சி. அங்கே என் மூத்தவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.