உள்ளேயும் பெயிண்ட் அடித்த பெட்டி

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், புதுச்சேரி கதிர்காமத்தில் எங்கள் வீட்டருகே நடந்தது இது.

நான் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறேன். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. ஆசைப்பட்டு ஒரு தேனீப் பெட்டி வாங்கி மொட்டைமாடியில் வைத்தபோது, தேனீ வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். புதியவர்கள் எது கேட்டாலும் அங்கே மூத்தவர் ஒருவர், 'பழைய மெசேஜ் எல்லாம் படிச்சுட்டு வந்து கேளுங்க' என்று ஒரே பதிலைப் போடுவார். ஒரு முறை எனக்கும் அது கிடைத்தது. அதோடு வாயை மூடிக்கொண்டேன். என்னை ஆண் என்று நினைத்து 'சார்' என்றவர்களைக்கூடத் திருத்தவில்லை.

மழையில் பெட்டி ஊறிவிடுமே என்று புதுப் பெட்டி ஒன்று வாங்கிப் பச்சை பெயிண்ட் அடித்தேன். உள்ளேயும் அடித்தால் இன்னும் நல்லது என்று நானே முடிவு செய்தேன். சனிக்கிழமை மாலை தேனீக்களைத் தேனடைகளோடு அதற்குள் மாற்றினேன். மறுநாள் காலை கூட்டம் மொத்தமும் வெளியேறி, பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் கொத்தாகத் தொங்கியது.

அந்த வீட்டு அண்ணன் கழி நுனியில் துணி சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். "புள்ளைங்க இருக்கிற வூடும்மா. கொளுத்திட்டா அடங்கிடும்" என்றார்.

மரத்தையும் பெட்டியையும் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒருவர், 'போனது போனதுதான் சார்' என்று எழுதினார். அடுத்து வீடியோ கால் வந்தது. அழைத்தவர் அதே மூத்தவர்.

"மேடமா நீங்க? சரி, அந்தப் பச்சைப் பொட்டி... உள்ளயும் பெயிண்ட் அடிச்சீங்களா?"

"அடிச்சிட்டேங்க சார்."

"அந்த நாத்தத்துல நானே குடியிருக்க மாட்டேன். அடையெல்லாம் பழைய பொட்டிக்கே மாத்துங்க. மொதல்ல அந்த நெருப்ப நிறுத்தச் சொல்லுங்க."

அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரரிடம், "அண்ணே, கொஞ்ச நேரம் குடுங்க. முடியலன்னா நீங்க கொளுத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கழியைப் போட்டுவிட்டு ஏணியைக் கொண்டுவந்தார்.

அடைகளைப் பழைய பெட்டிக்கு மாற்றி மரத்தடியில் கொண்டுவந்து வைத்தேன். போனை அவரிடம் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டியோடு ஏறினேன். கொத்தின் மேல் தண்ணீர் தெளித்து, அட்டைப்பெட்டியை அடியில் பிடித்துக்கொண்டு கிளையை ஒரே உலுக்கு உலுக்கினேன். பொத்தென்று விழுந்த கூட்டத்தை மரத்தடியில் வைத்திருந்த பழைய பெட்டிக்குள் கொட்டி மூடினேன். பாதித் தேனீக்கள் இன்னும் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தன. ராணித் தேனீ உள்ளே இருந்தால்தான் மற்றவை வரும்; அது விழுந்ததா என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெட்டி வாசலில் சில தேனீக்கள் பின்புறத்தைத் தூக்கி நின்று சிறகடிக்க ஆரம்பித்தன. போனில் மூத்தவர் சிரித்தார். "ராணி உள்ளதான் இருக்கிறா. மத்ததுங்கள கூப்புடுதுங்க, பாருங்க."

சினிமா கொட்டகைக்குள் ஜனம் நுழைவதுபோல் அத்தனையும் வரிசையாக உள்ளே போயின. "அடேங்கப்பா, தேன் எடுத்தா எனக்கும் ஒரு பாட்டில்மா" என்றார் அண்ணன்.

சில மாதம் கழித்துக் குழுவில் புதியவர் ஒருவர் பெயிண்ட் பற்றிக் கேட்டார். வழக்கமான பதில் வரும் என்று காத்திருந்தேன். மூத்தவர் எழுதினார்: 'பழைய மெசேஜ் தேட வேணாம். நம்ம பெயிண்ட் மேடத்தைக் கேளுங்க, ஓடிப்போன கூட்டத்தையே திருப்பிப் பிடிச்சவங்க.' அன்று நான் எழுதிய பதில்தான் என் வாழ்க்கையிலேயே நீளமானது.

இப்போதும் அந்தக் குழுவில் யாராவது தயங்கித் தயங்கி ஒரு கேள்வி போட்டால், அந்த முருங்கை மரம் கண்முன் வர, முதல் ஆளாகப் பதில் எழுதிவிடுகிறேன்.