பெண் பார்க்கப் போன மூக்கு

பெண் பார்க்கப் போகும் நாளில்தானா என் மூக்கு தக்காளியாகச் சிவக்க வேண்டும்? காரணம் ரொம்பச் சாதாரணம். சளி. கஞ்சி போட்ட கைக்குட்டையால் தேய்த்துத் தேய்த்து நுனித்தோல் உரிந்துவிட்டது.

"சளின்னு மட்டும் சொல்லிடாதே. இன்னொரு நாள் வாங்கன்னுடுவாங்க," என்றாள் அம்மா. ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போன சந்திப்பு. போட்டோவைப் பார்த்ததிலிருந்து எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை. அக்கா என் மூக்கில் பவுடரை அப்பினாள். சிவப்பு, ரோஸ் ஆனது.

கே.கே. நகரிலிருந்து ஸ்ரீரங்கம் வரை காரில் ஜாதகம், நகை, டிராஃபிக் எல்லாம் பேசினோம். மூக்குக்கு என்ன காரணம் சொல்வது என்று மட்டும் யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தின் லட்சணம் அது.

பெண்ணின் அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். பஜ்ஜித் தட்டை நீட்டும்போதே பார்த்துவிட்டார்.

"மூக்கு ஏன் தம்பி இப்படிச் செவந்திருக்கு?"

"வெயிலுங்க. வண்டியிலயே அலையறான்," என்றாள் அம்மா.

"பருங்க," என்றாள் அக்கா, அதே நேரத்தில்.

"கொசு கடிச்சிடுச்சு," என்றேன் நான்.

பஜ்ஜித் தட்டு பின்வாங்கியது. என்னைக் குடிகாரன் என்று அவர் முடிவு கட்டிவிட்டது முகத்திலேயே தெரிந்தது. பீர் பாட்டிலைத் தொட்டுக்கூடப் பார்க்காதவன் நான். அழுகை வந்தது. அழுதால் மூக்கு இன்னும் சிவக்குமே என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் நாற்காலியை இழுத்து என் முகத்தருகே போட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் ஊதுங்க."

ஊத வாயைத் திறந்தேன். தும்மல் வந்துவிட்டது. அவருடைய கண்ணாடி முழுக்க நனைந்தது.

உள்ளேயிருந்து பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும், ஐயோ, இவள் கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

"சளிதாங்க! சத்தியமா சளிதான்!" என்று அம்மா கெஞ்சினாள். நான்காவது காரணத்தை யார் நம்புவார்கள்? அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, "சொல்லி அனுப்புறோம்," என்றார்.

அந்த வாரம் முழுக்கப் போன் வரவில்லை. எனக்குச் சளி போய், மூக்கும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. யாருக்கு வேண்டும் அந்த அழகு?

ஒரு காலையில் அவரே கூப்பிட்டார். குரல் அடைத்திருந்தது.

"வாக்கிங் போனா எல்லாரும் என் மூக்கையே ஒரு மாதிரி பாக்கறாங்க. இந்த எரிச்சலுக்கு நீங்க என்ன போட்டீங்க, மாப்பிள்ளை?"