தையல் கடையில் வாசித்த கதை

இன்று வழியில் ஓர் ஊரில், கிழிந்த பையைத் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றபோது வந்த மெஷின் எண்ணெய் வாசனை, பதுளைக் கடைவீதியில் இருந்த அந்தத் தையல் கடைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. அந்த இடத்தில் இப்போது போன் கடை இருக்கிறது. தொண்ணூறுகளில் தையல் கடை முதலாளி ராசு அண்ணன் ஒரு சிறுபத்திரிகையும் நடத்தினார். கதை கொடுப்பவர்கள் நேரில் வந்து, தைப்பவர்களுக்கு நடுவே நின்று வாசிக்க வேண்டும். கதையில் லயித்து ஒருவராவது மெஷினை நிறுத்தினால்தான் கதை அச்சுக்குப் போகும்.

பதினான்கு வயதில், கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகுமுன், போனால் எப்போது திரும்புவேனோ என்று என் கதையோடு அங்கே போனேன். குளவி கொட்டிய அம்மாவைத் தேயிலைக் கொழுந்து லொறியில், சாக்குகளின் மேல் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை. மெஷின்கள் கடகடவென்று ஓட, துணித்தூசி தொண்டையில் ஒட்ட, பொத்தான் தைத்துக்கொண்டிருந்த பெரியவர் "சத்தமா வாசி புள்ள, சோறு திங்கலியா?" என்று சிரிக்க, கடைசிப் பக்கம் வரை வந்துவிட்டேன். எதுவும் நிற்கவில்லை.

லொறியில் கண் விழிக்கும் அம்மா, "கொழுந்து நசுங்குது, என்னைய தள்ளிப் படுக்க வைங்க" என்று சொல்லும் இடத்தில், அங்கே தைத்துக்கொண்டிருந்த செல்வி அக்காவின் மெஷின் நின்றது.

"நூல் அந்துருச்சா?" என்றார் ராசு அண்ணன், வெட்டும் துணியிலிருந்து கண்ணெடுக்காமல்.

"நூலெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "ஒங்கம்மா பொழச்சிட்டாங்களா?"

"கொழுந்தெடுக்கப் போயிருக்காங்க அக்கா" என்றேன்.