வண்டி திரும்பும் இடம்

1. தம்பி இறந்தான். செங்கம் ரோட்டில், வேலை முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது.

2. அவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. எங்கள் வழக்கத்தில் கல்யாணம் ஆகாதவர்களை எரிப்பதில்லை. எங்கள் கொல்லை நிலத்திலேயே புதைத்தார்கள்.

3. அம்மாவும் நானும் கூடப் போகவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும்.

4. பெரியப்பா அந்தக் கொல்லையை மனைகளாகப் பிரித்து விற்க முடிவு செய்தார். நிலம் அவருக்கும் எங்களுக்கும் பொது.

5. மனைப்பிரிவுக்கு வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருவது என் தொழில். எங்கள் நிலத்துக்கும் நானே போட வேண்டியதாயிற்று.

6. நான் அளக்கப் போவதற்கு முன்பே ஜேசிபி வந்து மரங்களைப் பிடுங்கி, வரப்புகளை இழுத்து, நிலத்தைச் சமன் செய்துவிட்டது.

ஒரு வேலையை எடுத்தால் முதலில் இப்படி வரிசையாக எழுதிக்கொள்வேன். எந்த இடத்தில் தவறு நடந்தது என்று பார்க்க அது வசதி. இந்த ஆறையும் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கிறது.

நிலம் அடி அண்ணாமலைக்குப் பின்னால், கிரிவலப் பாதையிலிருந்து பிரிந்து உள்ளே போகும் வண்டிப் பாதையில் இருந்தது. புன்செய். பெரியப்பா அதில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, போட்டுக்கொண்டிருந்தார். என் அப்பா நாங்கள் சிறியவர்களாக இருக்கும்போதே போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் பங்கையும் பெரியப்பாதான் பார்த்தார். அறுவடையில் பாதி மூட்டைகளைக் குறையில்லாமல் எங்கள் வாசலில் இறக்குவார். அவருக்கு முழங்கால் போய்விட்டது. பிள்ளைகள் ஓசூரில் வேலையில் இருக்கிறார்கள். சுற்றிலும் கொடி நட்ட மனைகள் வந்துவிட்டன.

"நடுவுல நான் மட்டும் மல்லாட்ட போட்டா யாருக்குப் பாப்பா? மயிலுக்கும் பன்னிக்கும் நான் குத்தகைக்காரனா?" என்றார்.

அவர் சொன்னது சரி.

விற்பதென்றால் முதலில் பட்டா சரியாக இருக்க வேண்டும். பட்டாவில் பெரியப்பா பெயரோடு அம்மா, நான், தம்பி என்று நான்கு பெயர்கள் இருந்தன. தம்பியின் பெயரை எடுக்க வாரிசுச் சான்று வேண்டும். விசாரணைக்கு வந்த வருவாய் ஆய்வாளர் நல்ல மனிதர்தான். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டாக வேண்டும்.

"இறந்தவருக்கு மனைவி?"

"இல்லைங்க," என்றாள் அம்மா.

"பசங்க?"

"இல்லைங்க."

"தகப்பனார்?"

"அவரும் இல்லைங்க."

"அப்போ வாரிசு நீங்க ஒருத்தர்தான்மா," என்றார் அவர். பிள்ளையின் சொத்துக்கு அம்மா வாரிசு. சட்டம் அதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டு அவருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

அம்மா கிரிவலப் பாதையில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாள். கற்பூரம், தண்ணீர் பாட்டில், பிஸ்கட். பௌர்ணமிக்குப் பெரிய மூட்டையாகச் சரக்கு எடுப்பாள், அந்த மூட்டையைத் தம்பிதான் தூக்கி வருவான். அவன் இறந்த பிறகு பௌர்ணமிக்குக்கூடக் கடையில் கொஞ்சமாகத்தான் சரக்கு வைக்கிறாள்.

கையெழுத்து விஷயம் பேச பெரியப்பா வீட்டுக்கு வந்தபோது அம்மா ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்தாள்.

"வித்துக்கோங்க. நான் தடுக்கல. ஆனா என் புள்ள படுத்திருக்கற எடத்துல யாரும் வீட்டுக்குக் கடக்கால் தோண்டக் கூடாது."

"ஊர் சுடுகாட்டுக்கு மாத்திடலாம்மா. தாசில்தார் கிட்ட எழுதிக் குடுத்தா பர்மிஷன் குடுப்பாங்களாம். மொறையா எடுத்து..."

"ரெண்டாவது வாட்டி குழி வெட்டணுமா அவனுக்கு?"

பெரியப்பா தலை குனிந்தார். முதல் குழியை வெட்டியவர்களில் அவரும் ஒருவர்.

"பவர் பத்திரம் எல்லாம் நான் எழுதித் தர மாட்டேன்," என்றாள் அம்மா. "எங்கெங்க கையெழுத்து வேணுமோ நானே வந்து போடறேன். பிளான்ல அந்த எடத்த விட்டிருக்கீங்களான்னு இவ பார்த்துச் சொல்லணும். அப்பறம்தான் போடுவேன்."

ஆக, எல்லாம் என் வரைபடத்தில் வந்து நின்றது.

விதிகளில் இடுகாடு என்றால் ஊர்ப் பதிவில் அப்படி எழுதப்பட்ட இடம். அதற்கு அருகே வீட்டு மனை போட எவ்வளவு தூரம் விட வேண்டும் என்றுகூட விதி உண்டு. ஆனால் ஒரு குடும்பம் தன் கொல்லையின் மூலையில் ஒருவனைப் புதைத்தால் அதைக் காட்ட எந்தக் குறியீடும் கிடையாது. கிணற்றுக்கு இருக்கிறது. மின்கம்பத்துக்கு இருக்கிறது. பனைமரத்துக்குக்கூட இருக்கிறது.

குறியீடு இல்லாவிட்டாலும் இடம் தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு பெரியப்பாவையும் அம்மாவின் அண்ணனான என் மாமாவையும் கூட்டிப் போனேன். அன்று குழிவரை போனவர்களில் எங்களுக்கு நெருக்கமானவர்கள் அவர்கள் இருவரும்தான். கல்யாணம் ஆகாதவனுக்குக் கல் நடுவதில்லை, மேடை கட்டுவதில்லை. மூன்றாம் நாள் பால் தெளித்ததும் ஆண்கள்தான். அம்மாவுக்கும் எனக்கும் பெரியப்பா பிறகு தூரத்திலிருந்து கைகாட்டியது மட்டும் தெரியும். "தோ, அந்த புங்க மரத்தாண்ட." அன்று அங்கே இரண்டு புங்க மரங்கள் இருந்தன. எந்த மரம் என்று நாங்கள் கேட்கவில்லை. மரம் எங்கே போய்விடப் போகிறது என்று நினைத்திருப்போம்.

இப்போது மரமும் இல்லை, வரப்பும் இல்லை. சிவந்த மண் மேசைபோல் கிடந்தது. பெரியப்பா கொஞ்ச நேரம் நின்று, மலையைப் பார்த்து, பிறகு நடந்து ஓரிடத்தில் நின்றார்.

"இங்க."

மாமா சிரிப்பது போல் ஒரு சத்தம் எழுப்பினார். "அங்க எங்க? வரப்பு அந்தாண்ட இருந்துச்சு. இதோ இங்க." அவர் போய் நின்ற இடம், ஒரு லாரியை நடுவில் நிறுத்தலாம், அவ்வளவு தள்ளி இருந்தது.

"யோவ், நீ அன்னிக்குத் தண்ணி போட்டுட்டு வந்தவன். உனக்கு வரப்பு எங்க தெரிஞ்சுது?"

"தண்ணி போடாம அந்தக் குழியில எறங்க முடியுமாய்யா? நீ மட்டும் கண்ணத் தொறந்துகினா இருந்த? அழுதுகினே மண்ணு தள்ளின."

"நான் வெட்டின குழி எனக்குத் தெரியாதா?"

"நான் எறக்கின புள்ள எனக்குத் தெரியாதா?"

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் கருவியை நிறுத்தி இரண்டு இடங்களையும் அளந்து பதிவு செய்தேன். மில்லிமீட்டர் வரை துல்லியமான கருவி அது.

ஒரே வழி இருந்தது, பூங்கா. மனைப்பிரிவு ஓர் அளவுக்கு மேல் பெரிதாக இருந்தால், அதில் ஒரு பங்கைப் பூங்காவுக்கென்று ஊராட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதை யாரும் விற்க முடியாது, வீடு கட்ட முடியாது. பக்கத்துக் கொல்லைக்காரரும் எங்களோடு சேர்ந்து விற்பதாக இருந்ததால் எங்கள் பிரிவு அந்த அளவைத் தாண்டியது. நான் அந்த மூலையில் பூங்காவைப் போட்டேன். இரண்டு இடங்களும் அதற்குள் வந்தன. புங்கன் இரண்டு நட வேண்டும் என்றுகூட ஓரத்தில் எழுதினேன். அம்மாவிடம் காட்டினேன். அவளுக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. பச்சை வண்ணம் அடித்த இடத்தில் விரலை வைத்து, "இதுக்குள்ளதான?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வெகு நாளைக்குப் பிறகு அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

பக்கத்துக் கொல்லைக்காரர் பின்வாங்கிவிட்டார். அவர் மகளுக்கு விற்க விருப்பம் இல்லையாம். அவர்கள் நிலம், அவர்கள் இஷ்டம். ஆனால் அது போனதும் எங்கள் பிரிவு சிறிதாகிவிட்டது. அந்த அளவுக்குள் இருந்தால் பூங்காவுக்கு நிலம் விட வேண்டியதில்லை, பதிலாக அதன் மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம் என்று விதி இருக்கிறது. மனைகளை விற்றுத் தரும் புரமோட்டர் அதை என்னைவிட முன்னால் படித்துவிட்டார்.

"மேடம், அந்த மூலைலதான் மலை முழுசா தெரியுது. வர்றவன் எல்லாம் மொதல்ல கேக்கறதே 'மலை தெரியுமா'ன்னுதான். பார்க்க எடுத்துட்டு ரெண்டு மனை போடுங்க."

பச்சையை அழித்தேன். கணினியில் அதற்கு ஒரு விசையைத் தட்டினால் போதும்.

அன்று அலுவலகத்தில் மற்றவர்கள் போன பிறகு விதிப் புத்தகத்தை முதலிலிருந்து வாசித்தேன். தொழிலுக்கு வந்த பிறகு அதை அப்படி யாரும் வாசிப்பதில்லை, தேவையானதை மட்டும் தேடி எடுப்போம். மனைக்குக் கடக்கால் தோண்டுவார்கள். பூங்கா போய்விட்டது. தோண்டாத இடம் என்று மிச்சம் இருந்தது ரோடு மட்டும்தான். எங்கள் ரோடு பக்கத்துக் கொல்லை வழியாகப் போய் அந்தப் பக்கத்துத் தெருவில் சேர்வதாக இருந்தது. அவர் விலகியதால் அது எங்கள் எல்லையோடு நின்றுபோகும். அப்படி நின்றுபோகும் ரோட்டின் கடைசியில் வண்டி திரும்புவதற்கு அகலமான இடம் விட்டே ஆக வேண்டும். அதை விடாமல் அனுமதி கிடைக்காது, பதிலாகப் பணம் கட்டவும் முடியாது.

ரோட்டை அந்த மூலைக்குக் கொண்டுபோய் முடித்தேன். திரும்பும் இடத்தை இரண்டு புள்ளிகளும் உள்ளே வரும்படி விரித்தேன்.

புரமோட்டர் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோட்ட நேரா முடிச்சா மனை ஜாஸ்தி வருமே மேடம். மலை தெரியற எடத்துல போயி வண்டி திருப்பறதா? யாராவது கேட்டா சிரிப்பாங்க."

அங்கே உட்கார்ந்திருந்த பெரியப்பாதான் பேசினார். "சிரிக்கட்டும். அங்கதான் ரோடு முடியணும். இல்லன்னா கொல்லை கொல்லையாவே இருக்கட்டும், நான் பன்னிக்கே மல்லாட்ட போட்டுக்கறேன்." அதற்குப் பிறகு புரமோட்டர் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. இந்த முறை வரைபடத்தில் பச்சை இல்லை. சாம்பல் நிறம்.

"ரோடா?" என்றாள்.

"ஆமாம்மா. யாரும் தோண்ட மாட்டாங்க."

"மேல வண்டி போவுமே."

"போவும்."

அந்தச் சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தாள். "வண்டியாலதானே போனான்," என்று மட்டும் சொன்னாள். பிறகு கடையைத் திறக்கப் போய்விட்டாள்.

ரோடுகளையும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகுதான் இறுதி அனுமதி வரும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் கூட்டமாக இருந்தது. அன்று முகூர்த்த நாள், கிரயம் எழுத வந்தவர்கள் புதுச் சேலையோடும் ஸ்வீட் பெட்டியோடும் நின்றார்கள். எங்கள் முறை வந்தபோது சார்பதிவாளர் எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டார்.

"யாரும் கட்டாயப்படுத்தலையே? மனசாரத்தான் குடுக்கறீங்களாம்மா?"

அம்மா கேமராவைப் பார்க்கவில்லை. கைரேகை வைக்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பதில் சொல்லுங்க. மனசாரக் குடுக்கறீங்களா?"

"குடுத்துட்டேன்," என்றாள்.

அதன் பிறகு மனைகள் விற்க ஆரம்பித்தன. தார் போட்டார்கள். போடும்போது நான் நின்று பார்த்தேன். ரோலர் அந்த மூலைக்கு வந்தபோது ஓட்டுபவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன். "மெதுவா ஓட்டினாத்தான் மேடம் நல்லா அழுந்தும்," என்று அவர் என்னை மெச்சும் குரலில் சொன்னார்.

போன மழைக்குப் பிறகு அங்கே போயிருந்தேன். திரும்பும் இடத்தில் ஓரிடம் லேசாகத் தாழ்ந்து, தண்ணீர் நீள்வாக்கில் தேங்கியிருந்தது. தோண்டி மூடிய மண் வருடக்கணக்கில் இறங்கும் என்று படித்திருக்கிறேன். பிடுங்கிய மரத்தின் வேர் அழுகினாலும் இறங்கும். அடியில் போட்ட ஜல்லி சரியாக அமையாவிட்டாலும் இறங்கும். அது பெரியப்பா காட்டிய இடமும் இல்லை, மாமா காட்டிய இடமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில்.

நான் கருவி எடுத்துப் போயிருக்கவில்லை. குழந்தைகள் இரண்டு பேர் சைக்கிளோடு வந்து அந்தத் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வட்டமடித்தார்கள். மலை முழுதாகத் தெரிந்தது.

இப்போதைய நிலை இது. மனைப்பிரிவுக்கு இறுதி அனுமதி வந்துவிட்டது. பெரும்பாலான மனைகள் விற்றாகிவிட்டன. மூலையை ஒட்டிய மனையில் வீடு எழும்புகிறது, அதற்கான மணலும் ஜல்லியும் திரும்பும் இடத்தில்தான் கொட்டப்படுகின்றன. ரோடு ஊராட்சிக்குச் சொந்தம். தாழ்ந்த இடத்தை ஒட்டுப்போடப் போவதாகச் சொல்கிறார்கள். குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டினால் தடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. பெரியப்பாவும் மாமாவும் பேசிக்கொள்வதில்லை. அம்மா ஒரு முறைகூட அங்கே போகவில்லை. தம்பி அந்த ரோட்டின் கீழ் எங்கோ இருக்கிறான். எந்த இடம் என்று எங்களுக்குத் தெரியாது.