இன்ஸாஃப் துணைக்குப் போன பிரசவ வகுப்பு

நாலு பிள்ளை பெற்று வளர்த்தவளுக்குப் பிரசவ வகுப்பில் என்ன வேலை என்றுதான் இன்ஸாஃப் கேட்டாள். ஆனால் நாத்தனார் ரிஹாமுக்கு இது முதல் பிரசவம், அவள் புருஷன் குவைத்தில். மாமியார் ஹிக்மத்துக்கு முட்டிவலி, கிளினிக் மாடிப்படி ஏற முடியாது. எகிப்தின் மன்சூரா நகரில் இருந்த அந்த வீட்டில் யாருக்காவது துணை போக வேண்டுமென்றால் அது இன்ஸாஃப்தான். தையல் ஃபாக்டரியில் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

கூடத்தில் மெத்தைகளை விரித்து ஆளுக்கொரு பெரிய ரப்பர் பந்து கொடுத்திருந்தார்கள். யுஸ்ரா என்ற இளம் மருத்துவச்சி பாடம் எடுத்தாள். "வலி வரும்போது கண்ணை மூடிக்கங்க. மனசுல ஒரு கடற்கரையை நினைச்சுக்கங்க."

"எனக்கு வலி வந்தப்ப நர்ஸ் தொடையில ஓங்கி அறைஞ்சா," என்றாள் இன்ஸாஃப், சுவரோர நாற்காலியிலிருந்து. "கடற்கரையா ஞாபகம் வரும்?"

கர்ப்பிணிகள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். தேநீர் நேரத்தில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "நிஜத்தைச் சொல்லுங்கக்கா, எவ்வளவு வலிக்கும்?"

"பெத்தவுடனே மறந்துடும்னு சொல்வாங்க. நம்பாதீங்க. இந்தப் பந்து மேல உக்காந்து எவளும் பெத்ததில்ல, அதையும் நம்பாதீங்க."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஏதோ ஒன்றில் தான் தேர்ந்தவள் என்று அவளுக்குத் தோன்றியது. அடுத்த வகுப்புக்கு ரிஹாமை அவளே கிளப்பினாள்.

அன்றைக்கு யுஸ்ரா பந்தைத் தொடவில்லை. "குழந்தை எப்படி அசையும்னு உங்களுக்கே பழகியிருக்கும்," என்றாள். "அது குறைஞ்சா தூங்குதுன்னு விட்டுடாதீங்க. நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்காதீங்க. அப்பவே கிளம்பி வாங்க."

பெண்கள் தலையாட்டினார்கள். ஒருத்தியின் புருஷன் கொட்டாவி விட்டான்.

இன்ஸாஃபின் நாலு பிள்ளைகளுக்கும் முன்னால் ஒரு பிள்ளை உண்டு. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, நிறைமாதம். காலையிலிருந்து வயிற்றில் அசைவே இல்லையென்று, திராட்சை இலையில் அரிசி மடித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் போய்ச் சொன்னாள். "தூங்கறான்டீ. ஆம்பளப்பிள்ளை, அப்பனாட்டம் சோம்பேறி. சோம்புத் தண்ணி குடிச்சிட்டுப் படு," என்றாள் ஹிக்மத். மறுநாளும் அதையே சொன்னாள். அதற்கும் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. துணியில் சுற்றியதைப் புருஷன் ஸப்ரி வாங்கிக்கொண்டு போனான். இவளுக்கு முகத்தைக் காட்டவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஹிக்மத், "தண்ணி வாளியைத் தூக்காதேன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா?" என்றாள். இன்ஸாஃபும் அதை நம்பினாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாளியைப் பார்த்தாலே நடுங்கினாள்.

வகுப்பு கலைந்ததும் யுஸ்ராவிடம் போனாள். "இது புதுசா கண்டுபிடிச்சதா, டாக்டர்?"

"எதுங்கக்கா?"

"அசைவு குறைஞ்சா வரணும்கறது."

"இல்லக்கா, ரொம்ப காலமாத் தெரிஞ்சதுதான்."

"வாளி தூக்கினா குழந்தை செத்துடுமா?"

யுஸ்ராவுக்குப் புரிந்துவிட்டது. "இல்லக்கா," என்றாள் மெல்ல. "வந்திருந்தாலும் காப்பாத்தியிருப்போம்னு சொல்ல முடியாது. சில குழந்தைங்க..."

"முடியாமலே போயிருக்கட்டும். நான் வந்திருப்பேனே."

வழியெல்லாம் ரிஹாம் தொட்டில் நிறத்தைப் பற்றியே பேசினாள். வீட்டில் ஹிக்மத் முலூகியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "என்ன சொல்லிக் குடுத்தா இன்னிக்கு?"

இன்ஸாஃப் சொன்னாள். மாமியாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னாள். ஹிக்மத் கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "நல்ல விஷயம்தான். ரிஹாம், கேட்டுக்கிட்டியா?" என்றாள். அவ்வளவுதான்.

ஒன்பதாவது மாதத்தில் ஒரு காலை ரிஹாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, நேத்து மாதிரி இல்ல. உதைக்கவே மாட்டேங்குது."

ஹிக்மத் துண்டைத் தலையில் போட்டாள். செருப்பைத் தேடவில்லை. முட்டிவலிக்காரி கைப்பிடியைப் பிடிக்காமல் மாடிப்படி இறங்கி, நடுத்தெருவில் நின்று டாக்ஸியை மறித்தாள். "என் பொண்ணு! சீக்கிரம்!" என்ற அந்தக் கத்தலை இன்ஸாஃப் மேல்படியில் நின்று கேட்டாள். இந்தக் கால்கள் அன்றைக்கும் இருந்தனவே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

பெண் குழந்தை. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது, நேரத்தோடு எடுத்துவிட்டார்கள்.

ஏழாம் நாள் விழாவுக்குத் தெருவே வந்தது. வழக்கப்படி குழந்தையைச் சல்லடையில் கிடத்தினார்கள். ஹிக்மத் பித்தளை உரலை அதன் காதருகே இடித்து, "அம்மா பேச்சைக் கேளு! பாட்டி பேச்சைக் கேளு!" என்று கத்தினாள். எல்லோரும் குலவையிட்டார்கள். இன்ஸாஃப் நெய்யும் கொட்டையும் மிதக்கிற சூடான முகாத் பானத்தைக் கோப்பை கோப்பையாகக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"நான்தான் ஒரு நிமிஷம் தாமதிக்கல," என்று பக்கத்துவீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் ஹிக்மத். "அசையலைன்னா விடக் கூடாதும்மா. பெத்தவளுக்கு இதுகூடத் தெரியாதா?"

"எனக்கு ஏன் அத்தை சொல்லல?" என்றாள் இன்ஸாஃப்.

பெண்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது? அல்லாஹ் எழுதினதை யாரு மாத்த முடியும்?"

"அப்ப வாளியை எழுதினது யாரு?"

"அண்ணி, எந்த வாளி?" என்றாள் ரிஹாம். அந்த முதல் பிள்ளை போனபோது அவள் சிறுமி, வீட்டில் யாரும் அவளிடம் எதுவும் சொன்னதில்லை. இப்போதும் யாரும் சொல்லவில்லை. இன்ஸாஃப் தட்டை மேசையில் வைத்துவிட்டு மாடியேறித் தன் வீட்டுக்குப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் ஸப்ரி வந்தான். "அம்மா அழறாங்க. இறங்கி வந்து ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுடு. வந்தவங்க என்ன நினைப்பாங்க?"

"அவனை எங்க புதைச்சீங்க?"

ஸப்ரி சுவரைப் பார்த்தான். "அங்கதான்... சின்னக் குழந்தைங்களையெல்லாம் போடற மூலையில. அடையாளம் எதுவும் வைக்கலையே."

"முகம் யார் மாதிரி இருந்தது?"

"நான் பிரிச்சுப் பார்க்கல, இன்ஸாஃப்."

கீழே மறுபடியும் குலவைச் சத்தம் எழுந்தது. அவள் அவனைத் தாண்டிப்போய்க் கதவைத் திறந்துவிட்டு, அவன் போவதற்காக ஒதுங்கி நின்றாள்.